தவில் குச்சி முன்னே, சத்தம் பின்னே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு அம்மா தம் மகள் கல்யாண வீடியோவைப் பற்றி எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். தவில் குச்சி விழுந்த பிறகுதான் சத்தம் கேட்கிறது, கூறைப்புடவை காட்சிக்குக் காட்சி நிறம் மாறுகிறது, எல்லாம் கம்ப்யூட்டரில் கெடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தார். தாராவியில் பதினான்கு வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன். அவர் வருத்தம் நியாயம். பழி மட்டும் கம்ப்யூட்டர் மேல் விழ வேண்டியதில்லை.

அவர் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: 'ஆரம்பத்தில் சரியாக இருந்தது, தாலி கட்டும்போது தள்ளிப் போய்விட்டது.' நோய் என்னவென்று அதுவே சொல்லிவிடுகிறது. படம் கேமராவில், நல்ல சத்தம் தனி ரெக்கார்டரில் என்று பிரித்துப் பதிவு செய்து, பிறகு இரண்டையும் சேர்க்கிறோம். நாகஸ்வரக்காரர் பக்கத்தில் ஒரு ரெக்கார்டரை வைத்துக் காலை ஐந்து மணிக்கு ஓட விட்டால் எட்டு மணி வரை அது நிற்காமல் ஓடும். கேமராவுக்குள் ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்குள் இன்னொன்று. வீட்டில் இரண்டு சுவர்க்கடிகாரம் ஒரே நேரம் காட்டாதது போலத்தான் இவையும். மூன்று மணி நேரத்தில் நாலைந்து ஃப்ரேம் விலகலாம். ஒரு ஃப்ரேம் என்பது நம் ஊரில் ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. முதல் காட்சியில் மட்டும் பொருத்திவிட்டு மற்றதை அப்படியே நீட்டி வைத்தால், முகூர்த்தம் வரும்போது விலகல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கேமரா விட்டுவிட்டு எடுத்த துண்டுகளை, அதாவது கிளிப்புகளை, ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். டாவின்சி ரிசால்வ் போன்ற வீடியோ தொகுக்கும் மென்பொருள் ஒலி அலையின் வடிவத்தைப் பார்த்துத் தானே பொருத்தித் தரும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க கேமராவிலும் சத்தம் பதிவாகியிருக்க வேண்டுமே! குப்பைச் சத்தம் எதற்கு என்று கேமரா மைக்கை அணைத்துவிடும் பையன்கள் இருக்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. மண்டபத்தின் கடைசியில், மேடையிலிருந்து இருபது மீட்டர் தள்ளிக் கேமரா நின்றால், தவில் சத்தம் அங்கே வந்து சேர ஒன்றரை ஃப்ரேம் ஆகிவிடும். ஒலி ஒரு நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் சுமார்தான் போகும். அந்தக் கேமராவில் தாமதமாகப் பதிவான சத்தத்தோடுதான் மென்பொருள் ரெக்கார்டரைப் பொருத்துகிறது. அலை அச்சாகப் பொருந்தும், படம் பொருந்தாது. அதற்குப் பிறகு சத்தத்தை ஒன்றோ இரண்டோ ஃப்ரேம் முன்னால் கையால் இழுக்க வேண்டும். படமும் சத்தமும் பொருந்துகிறதா என்று பார்க்க சினிமாவில் கிளாப் பலகை தட்டுவார்கள். கல்யாண வீட்டில் யார் பலகை தட்டுவார்? எனக்குத் தேங்காய் உடைக்கும் காட்சிதான் கிளாப். ஓடு பிளக்கும் ஃப்ரேமும் 'டப்'பென்ற சத்தமும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன். கெட்டிமேளம் இதற்கு உதவாது, எல்லாரும் ஒன்றாகக் கொட்டுவதில் கேமரா மைக் திணறிவிடும்.

நிறத்துக்கு வருகிறேன். இதில் நானே குற்றவாளி. செம்பூரில் ஒரு கல்யாணம், ரா முறையில் எடுத்தோம், அதாவது நிறத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் முடிவு செய்துகொள்ளும்படி. எடிட் செய்யும்போது, மேடையின் மஞ்சள் விளக்குக்கு 3200 கெல்வின் என்று ஒயிட் பேலன்ஸ் வைத்தேன். வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் எண் அது. ராத்திரி ஒரு மணி. அந்த அமைப்பைக் காப்பி செய்து, இருந்த எல்லாக் கிளிப்புகளிலும் ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். ஊஞ்சல் நடந்தது வெளியே, பகல் வெளிச்சத்தில். அதற்கு 5600 வேண்டும். பெண் தலையில் இருந்த மல்லிகைகூட நீலம் பாரித்துக் கிடந்தது. பென்டிரைவ் கொடுத்த மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "என்ன தம்பி, நிலா வெளிச்சத்துலயா ஊஞ்சல் ஆட்டினோம்?" ரா என்பதால் மூலப்பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, எண்ணை மாற்றினால் நிறம் திரும்பிவிட்டது. வேலை பத்து நிமிஷம்தான். அதற்குள் நீல ஊஞ்சல் திருநெல்வேலி வரை வாட்ஸ்அப்பில் போயிருந்தது. இப்போதெல்லாம் ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றை மட்டும் தனித்தனிக் கட்டாகப் பிரித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். எல்லா அமைப்பையும் ஒட்டாமல் நிறத்தை மட்டும் ஒட்டவும் வழி உண்டு, வெளிச்ச அளவையும் சேர்த்து ஒட்டினால் அது வேறு தலைவலி.

மேடைக்குப் பின்னால் ஊதா நிற எல்.இ.டி. பட்டை போடுகிறார்களே, அதற்கு மட்டும் எந்த எண்ணும் மருந்தில்லை. தாலி கட்டும் நேரத்துக்காவது அதை அணைக்கச் சொல்லுங்கள் என்று அலங்காரக்காரரிடம் கெஞ்சி அலுத்துவிட்டேன். பெண் வீட்டார் சொன்னால் கேட்பார்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை. வீடியோ எடுத்தவரிடம் சண்டைக்குப் போகாமல், மூலக் கிளிப்பும் ரெக்கார்டரின் ஆடியோவும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் சத்தம், நிறம் இரண்டையும் சரி செய்யலாம். இரண்டு கேமரா கல்யாணம் ஒரு டெராபைட்டை நெருங்கும், அதனால் எங்களில் யாரும் ரொம்ப நாள் வைத்திருப்பதில்லை. நான் ஆறு மாதம் வைப்பேன். அடுத்த முகூர்த்த மாதம் வந்ததும் டிஸ்கைத் துடைத்துவிடுபவர்களே அதிகம். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோக்காரன்,
தாராவி, மும்பை