மைக்ரானை மட்டும் நம்பிச் சிற்றினம் பிரிக்க வேண்டாம்

ஆர்க்டிக் பூச்செடிகளுக்கு இனங்காணும் திறவுகோல் எழுதுவோருக்கும், மகரந்த ஸ்லைடு சேகரங்களைப் பராமரிப்போருக்கும் வணக்கம்.

மகரந்தத் துகளின் விட்டத்தை மட்டும் வைத்து, 'இத்தனை மைக்ரானுக்குக் கீழ் என்றால் பெடுலா நானா, மேல் என்றால் பெடுலா பியூபசென்ஸ்' என்று இரண்டு பிர்ச் சிற்றினங்களைப் பிரிக்கும் பாணியை விட்டுவிடுங்கள். அந்த எண்ணில் செடியின் இயல்போடு, துகளை நாம் படுத்திய பாடும் கலந்திருக்கிறது. அசிட்டாலிசிஸில், அதாவது அமிலக் கலவையில் சூடாக்கித் துகளின் உறையை மட்டும் மிச்சம் வைக்கும் முறையில், துகள் உப்பும். ஸ்லைடில் பதிக்கும் ஊடகம் கிளிசரின் ஜெல்லி என்றால், நாளாக நாளாக இன்னும் பருக்கும். சிலிக்கோன் எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. விட்டத்தோடு, துகளின் உறையிலுள்ள துளையின் ஆழத்தையும் அளந்து, விட்டத்தை ஆழத்தால் வகுத்து விகிதம் பாருங்கள். குள்ள பிர்ச்சான நானாவில் துளை ஆழம் குறைவு, விகிதம் கூடும். நானா, பியூபசென்ஸ் இரண்டின் மும்மடிய (மூன்று குரோமோசோம் தொகுதி கொண்ட) கலப்பினத்தில் கோணல் துகள்களும் நான்கு துளைத் துகள்களும் வரும். சேதமென்று தள்ளாமல் எண்ணி எழுதுங்கள்.

அசிட்டாலிசிஸ் கலவை 9 பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடு, 1 பங்கு அடர் கந்தக அமிலம். அமிலத்தைத்தான் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். மாதிரியில் ஈரமிருந்தால் பொங்கித் தெறிக்கும். அதனால்தான் முன்னும் பின்னும் நீரற்ற அசிட்டிக் அமிலக் கழுவல். கொதிநீர்த் தொட்டியில் சில நிமிடம் போதும். தேன் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். கறுத்த துகளில் வலைப்பின்னல் தெரியாது. புல் போன்ற செடியான லுசூலாவின் மெல்லிய மகரந்த உறை இதைத் தாங்காது. அதைப் பதப்படுத்தாமலே பாருங்கள்.

பேரினம் வரை மகரந்தம் நன்றாகவே கைகொடுக்கும். சிலீன் அகாலிஸ் உருண்டையாக, சுற்றிலும் துளைகளோடு இருக்கும்; காசியோப் நான்கு துகள் ஒட்டிய கொத்து; சாலிக்ஸில் மூன்று நீள்பிளவு, மேலே வலை. டிராபாவிலும் மூன்று பிளவு, வலை என்றே வரும். ஆனால் சிற்றினங்களைப் பிரிக்க அது போதாது. பன்மடியம் கூடினால் துகளும் பருக்கும் என்பதால் அங்கே அளவும் கைவிடும். சாக்சிஃப்ராகா செர்னுவா பெரும்பாலும் குமிழ்மொட்டுகளால் பெருகும் செடி. அதில் வரும் சுருங்கிய வெற்றுத் துகள்களையும் சேர்த்து அளந்தால் சராசரி இறங்கிவிடும். அசிட்டாலிசிஸ் உள்ளடக்கத்தைக் கரைத்துவிடும். ஆகவே அதற்கு முன்பே, உள்ளடக்கத்தை நிறமேற்றும் காட்டன் புளூ சாயமிட்டு, நிரம்பிய துகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஸ்லைடு சீட்டிலும் மகரந்தம் எடுத்த செடியின் உலர்மாதிரி எண், பதப்படுத்திய முறை, எத்தனை நிமிடம், பதித்த ஊடகம், பதித்த தேதி, அளந்த தேதி இருக்கட்டும். குறைந்தது 50 துகள் அளந்து, சிறுமம், சராசரி, பெருமம் மூன்றையும் தாருங்கள்.

விவரமில்லாத பழைய ஸ்லைடுகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. துளை, பிளவு, மேற்பரப்பு பார்க்க அவை உதவும். சீட்டில் 'அளவெடுக்க அல்ல' என்று மட்டும் பென்சிலால் எழுதிவையுங்கள்.