ஸ்பிரிங் மாத்த வர்றதுக்கு முன்னாடி நம்ம கஸ்டமர்மாருக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

மழை விட்டா போதும், நம்ம ஹட்டன் கடைக்கு வர்ற டபுள் கேப் பிக்கப்ல பாதி ஒரே கதையோடதான் வருது. "அண்ணே பின்னுக்கு பதிஞ்சிருச்சு, ரெண்டு பிளேட் கூட போட்டு தூக்கி விடுங்க." பிளேட்னா பின் ஸ்பிரிங்குல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்கிற உருக்கு பட்டை. நாங்க உடனே வண்டிக்கு கீழ பூந்துறாம, என்ன ஏத்துறீங்க, எத்தன கிலோ, திரும்பி வரும்போது எம்டியா வருதான்னு கேட்டா சில பேருக்கு கோவம் வருது. வேற எடத்துல ஒரு மணித்தியாலத்துல முடிச்சு குடுக்கிறாங்களாம், நாங்க மட்டும் இன்டர்வியூ வைக்கிறோமாம். சரி, ஏன் கேக்குறோம்னு எழுதியே வச்சிருவோம்னுதான் இது.

மொதல்ல ஒரு விஷயம், கம்பனி ஸ்பிரிங் மட்டம்னு யாரும் நெனைக்காதீங்க. வீட்டாக்கள ஏத்திட்டு கோயிலுக்கு போறவருக்கும் சரி, ஒரு டொன் கிட்ட மூட்டை ஏத்துறவருக்கும் சரி, ஒரே ஸ்பிரிங்தான் போட்டு அனுப்புறாங்க, அதனால மேல உள்ள பிளேட் எல்லாம் மெல்லிசா, ஆக அடியில ஒண்ணு மட்டும் தடிப்பா நேரா இருக்கும், லோடு ஏறி மேல உள்ளது பதிஞ்ச பொறவுதான் அந்த அடி பிளேட் வேலைக்கு வரும். அது நல்ல யோசனைதான். ஆனா 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025லதான் திரும்ப விட்டாங்க, அதனால நம்ம பக்கம் ஓடுறதெல்லாம் பழைய வண்டி, தோட்டத்து ரோட்டுல பத்து பதினஞ்சு வருஷம் குலுங்குன ஸ்பிரிங். அது களைச்சு போச்சு, அவ்வளவுதான். களைச்சு போன ஸ்பிரிங்குக்கு மருந்து அதே அளவு புது ஸ்பிரிங்தான், பாதி பேருக்கு அதுவே போதும். இத சொன்னா எங்களுக்குத்தான் யாவாரம் கொறையும், பரவால்ல.

இன்னும் இறுக்கமா வேணும்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. பிளேட்டோட இறுக்கம் தடிப்போட மூணாம் அடுக்குல ஏறும். 6 மில்லி பிளேட்டுக்கு பதிலா 7 மில்லி போட்டா ஒரு மில்லிதானேன்னு தோணும், ஆனா அந்த பிளேட் ஒன்றரை மடங்குக்கும் மேல இறுகிரும். லொறியில கழட்டுன தடி பிளேட்ட கொண்டு வந்து "இதையும் சேத்து அடிச்சிருங்க"ன்னு சொன்னா நாங்க தலையாட்டாததுக்கு காரணம் இதுதான்.

இத படிச்சு மட்டும் சொல்லல, பட்டும் இருக்கோம். கடை ஆரம்பிச்ச புதுசுல நம்ம சொந்த வண்டிக்கே ரெண்டு தடி பிளேட் ஏத்தினோம். லீக்ஸ் மூட்டையோட போகும்போது ராஜா மாதிரி போச்சு. எறக்கிட்டு எம்டியா தலவாக்கலை பக்கம் திரும்பி வரும்போது லேசா தூறல், வளைவுல ஒரு சின்ன பள்ளம், லோடு இல்லாததால இறுகுன ஸ்பிரிங் பதியல, பின் டயர் ரெண்டும் ரோட்ட விட்டு துள்ளி பக்கவாட்டுல போய் வண்டி தேயிலைக்குள்ள மூக்க விட்டு நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அதுல இருந்துதான் "திரும்பி எம்டியா வருவீங்களா"ன்னு கேக்க ஆரம்பிச்சோம்.

அதனால தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டு போய் எம்டியா ஏறி வர்றவருக்கு மேல மெல்லிசு, அடியில தடிப்புன்னு ரெண்டு கட்டமா வேலை செய்ற செட்தான் சரி. 1000 லீட்டர் தண்ணி டேங்க் வச்சவர் ஞாபகம் வச்சுக்கோங்க, தண்ணி மட்டுமே ஒரு டொன், அதுக்கு மேல டேங்க், பம்ப், நாலு பேர்னா வண்டியோட கணக்கே தாண்டிருச்சு. ஸ்பிரிங் மாத்துனா எக்ஸலும் பிரேக்கும் செசியும் மாறாது. வண்டி புத்தகத்துல போட்ட எடைக்கு மேல ஏத்த ஏலாது. முன்னுக்கு இரும்பு புல் பாரும் வின்ச்சும் பூட்டுன தம்பிமாருக்கு முன்னுக்கு உள்ள கொயில் ஸ்பிரிங்கத்தான் மாத்தணும், ரெண்டும் சேந்து 80, 100 கிலோ வரும். 40 மில்லி தூக்கலாம், மிஞ்சினா 50. அதுக்கு மேல போனா முன் டயர சுத்த வைக்கிற சிவி ஷாப்ட்டோட கோணம் கெட்டு, அத மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழியும். தூக்குனா வீல் எலைன்மென்ட் கட்டாயம், ஹெட்லைட்டையும் எறக்கி வைக்கணும், இல்லன்னா எதிர்ல வர்ற பஸ்காரர் நம்மள திட்டிக்கிட்டேதான் போவாரு.

இப்ப முக்கியமானது. ஏபிஎஸ் (பிரேக் அடிச்சா டயர் பூட்டிக்காம பாக்குறது) இல்லாத பழைய பிக்கப் பலதுல பின் எக்ஸல்ல இருந்து செசிக்கு ஒரு கம்பி போகும், அதோட மேல் நுனியில ஒரு வால்வு இருக்கும். வண்டி பதிஞ்சா லோடு இருக்குன்னு வெளங்கிக்கிட்டு பின் பிரேக்குக்கு கூட பிரஷர் விடும், தூக்கி நின்னா எம்டின்னு நெனச்சு கொறைக்கும். நீங்க பின்னுக்கு ரெண்டு இஞ்சி தூக்கிட்டு அந்த கம்பிய அட்ஜஸ்ட் பண்ணாம விட்டா ஒரு டொன் ஏத்தியும் அது எம்டின்னே நெனச்சிக்கிட்டு இருக்கும். நுவரெலியாவுல இருந்து றம்பொடைக்கு எறங்கும்போது முழு வேலையும் முன் பிரேக்குக்கு விழுந்து சூடாகி வாசம் வரும், பெடல் கீழ போகும். வேற எங்கயாவது தூக்குன வண்டின்னா தயவு செஞ்சு ஒருக்கா கொண்டு வந்து காட்டுங்க, பாக்குறதுக்கு காசு இல்ல.

நீள ஷெக்கிள் (ஸ்பிரிங் நுனிய செசியோட மாட்டுற துண்டு), எக்ஸலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல கட்டை வைக்கிறது, இதெல்லாம் உசரம்தான் தரும், தாங்குற சக்தி தராது. பழைய பிளேட்ட கேஸ்ல சுட்டு வளைச்சு எடுக்கிறதும் அப்பிடித்தான், சூட்டுல உருக்கோட பதம் போயிரும், கொஞ்ச மாசத்துல திரும்ப படுத்துரும். ஷொக் எப்சோபர் பழசா இருந்தா புது ஸ்பிரிங்கோட சேத்தே மாத்திருங்க, இறுகுன ஸ்பிரிங்க களைச்ச ஷொக்கால புடிச்சு வைக்க ஏலாது. ஸ்பிரிங்க எக்ஸலோட கட்டி வைக்கிற யூ போல்ட் நாங்க புதுசுதான் போடுவோம், பழசு ஒருக்கா இழுபட்டது. ஸ்பிரிங் நுனியில உள்ள ரப்பர் புஷ்ஷோட போல்ட்ட வண்டி டயர்ல நின்ன பொறவுதான் கடைசியா இறுக்குவோம், ஜேக்ல தொங்கும்போது இறுக்குனா புஷ் முறுக்கிக்கிட்டே கெடந்து சீக்கிரம் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடுன பொறவு திரும்ப வந்து யூ போல்ட்ட இறுக்கிட்டு போங்க, பத்து நிமிஷ வேலை. வர்றவங்க கொறைவு, அதான் எங்களுக்கு பெரிய கவலை.

வர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. மட்டமான எடத்துல வண்டிய நிப்பாட்டி, பின் டயர் நடுவுல இருந்து நேர மேல மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அளங்க, ரெண்டு பக்கமும். எம்டியா ஒருக்கா, வழக்கமா ஏத்துற லோடோட ஒருக்கா. எழுதி கொண்டு வாங்க. டேப் இல்லன்னா ஒரு கயித்துல முடிச்சு போட்டு கொண்டு வந்தாலும் போதும், எந்த முடிச்சு எந்தப் பக்கம்னு மட்டும் மறந்துறாதீங்க. பொயா (பௌர்ணமி) அன்னிக்கு கடை பூட்டு.