பாலக்கோடு வட்டாரப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு: லூட் விளையாட்டுகளைப் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாலக்கோட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். உங்கள் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அன்றாடம் வந்துபோகும் இடம் அது. பிள்ளைகள் கைப்பேசியில் எந்த விளையாட்டையும் ஆடக் கூடாது என்று பெற்றோரிடம் உறுதிமொழி எழுதி வாங்கும் யோசனை சில குழுக்களில் இருப்பதாக, கடைக்கு வருகிறவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த யோசனைக்குப் பின்னால் இருக்கும் கவலை முழுக்க நியாயமானது. ஆனால் ஆடத் தகுந்த விளையாட்டையும், பிள்ளையின் கையைக் கொண்டே வீட்டுக் காசை எடுக்கும் விளையாட்டையும் ஒரே தட்டில் வைக்கும் தீர்மானத்தால் இரண்டாவது வகையைத் தடுக்க முடியாது என்பதே என் அச்சம். அதை உங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பேச வந்தது ஒரு குறிப்பிட்ட வகை விளையாட்டைப் பற்றி. இறக்கிக்கொள்ளக் காசு கேட்காது. எதிரிகளை அடித்து வீழ்த்த வேண்டும். வீழ்ந்த எதிரியிடமிருந்து வாளோ கவசமோ மோதிரமோ கிடைக்கும். எது கிடைக்கும் என்பது அந்த நேரத்து அதிர்ஷ்டம். பிள்ளைகள் இதை லூட் என்கிறார்கள். நல்ல லூட் கையில் இருந்தால் இன்னும் வலிய எதிரியோடு மோதலாம், அங்கே இன்னும் நல்ல லூட் கிடைக்கும். இந்த அமைப்பைப் பெரிய அளவில் பரப்பியது 1996–97 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த டயாப்ளோ என்ற கணினி விளையாட்டு. அதை ஆட விரும்பியவர் குறுவட்டை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினார், அத்தோடு விற்றவருக்கும் அவருக்குமான கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அரிய வாள் பத்தாவது எதிரியிடம் கிடைத்தாலும் ஆயிரமாவது எதிரியிடம் கிடைத்தாலும் நிறுவனத்துக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. ஆகவே எதை எவ்வளவு அரிதாக வைப்பது என்பதை ஆடுபவரின் உற்சாகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடிந்தது.

விளையாட்டு இலவசமானபோது இந்தக் கணக்கு மாறிவிட்டது. விளையாட்டை உருவாக்கியவர்களுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அந்தப் பணம் விளையாட்டுக்குள் நடக்கும் விற்பனையிலிருந்துதான் வர வேண்டும். நல்ல பொருள் எளிதில் கிடைத்தால் யார் காசு கொடுப்பார்கள் என்ற எண்ணம் அப்போது தவிர்க்க முடியாமல் வந்துசேர்கிறது. இங்கேதான் நிறுவனங்கள் இரண்டு வழியாகப் பிரிகின்றன. சில, இன்ன பொருள் இன்ன விலை என்று காட்டி விற்கின்றன. வேறு சில, ஒரு பெட்டியைத் திறக்கும் வாய்ப்பை விற்கின்றன. உள்ளே என்ன இருக்கும் என்பது காசு கொடுத்த பிறகே தெரியும். நம் மண்டியில் கூடையைத் திறந்து காட்டாதவரிடம் யாரும் தக்காளி வாங்குவதில்லை. காசு கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது கொடுப்பதற்கு முன்பே தெரிகிறதா என்ற ஒரு கேள்வியை வைத்தே இந்த விளையாட்டுகள் ஆடத் தகுந்தவையா என்று நான் தீர்மானிக்கிறேன். உங்களையும் அப்படியே தீர்மானிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கடையில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தக்காளி மண்டியில் கூடை தூக்கும் அம்மா ஒருவர், "தம்பி, பேங்க்குல இருந்து யாரோ காசு எடுத்துட்டாங்க, என்னன்னு பாரு" என்று கைப்பேசியை நீட்டினார். பிளே ஸ்டோரில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்தேன். 89 ரூபாய், 89 ரூபாய், 89 ரூபாய், நடுவே ஒரு 449, மறுபடியும் 89 என்று நீண்டுகொண்டே போனது. எல்லாம் இரவு ஒன்பது மணிக்கு மேல், சில நிமிட இடைவெளியில் எடுக்கப்பட்டவை. உடன் வந்திருந்த மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவன். அவன் எதையும் மறைக்கவில்லை. "இன்னும் ஒண்ணு போட்டா வந்துரும்னு நெனச்சேன்ணா" என்றான். அந்த வீட்டில் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கேஸ் சிலிண்டருக்குப் பதிவதும் நூறு நாள் வேலைக் கூலி ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் அவன் வேலை. ஆகவே யுபிஐ ரகசிய எண் அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. நீங்கள் எண்ணியிருக்கும் உறுதிமொழியை நீட்டியிருந்தால் அந்த அம்மா தயங்காமல் கைநாட்டு வைத்திருப்பார். ஆனாலும் அந்த இரவுகளில் நடந்தது நடந்தே இருக்கும். அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

"இன்னும் ஒண்ணு போட்டா வந்துரும்" என்பதில்தான் இந்த வியாபாரமே நிற்கிறது. நூற்றில் ஒரு வாய்ப்பு என்று போட்டிருந்தால், நூறு பெட்டி திறந்தால் நிச்சயம் கிடைக்கும் என்றே பிள்ளை நினைக்கிறான். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி அதிர்ஷ்டமாக இருந்தால், நூறு பெட்டி திறக்கும் நூறு பேரில் ஏறக்குறைய 37 பேருக்கு அந்தப் பொருள் ஒருமுறைகூட வராது. பத்தாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவும் பாடமாக இருக்கிறது. சீட்டுக்கட்டும் பகடையும் வைத்து நடத்தும் அந்தப் பாடத்தில் இந்தப் பெட்டிகளையும் ஒருநாள் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுமாறு உங்கள் கணித ஆசிரியர்களிடம் கேட்டுப்பாருங்கள். என் கடையில் அறிவிப்புப் பலகை மாட்டுவதைவிட அது பல மடங்கு பயன் தரும்.

இது நம் ஊர்ப் பிள்ளைகள் கெட்டுப்போனதால் வந்த தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2020 செப்டம்பரில் வெளிவந்த கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டு இலவசமாகக் கிடைப்பது. பார்க்கவும் மிக அழகானது. அதில் ஐந்து நட்சத்திரம் பெற்ற அரிய கதாபாத்திரம் ஒரு முயற்சியில் கிடைக்கும் வாய்ப்பு 0.6 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் ஆறு. தொண்ணூறு முயற்சிக்குள் ஒன்று உறுதி, ஆனால் ஆசைப்பட்டதே வரும் என்ற உறுதி இல்லை. பரிசுகளுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பதில் பிள்ளைகளைத் தவறாக எண்ணவைத்ததாக அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டில், 2025 ஜனவரியில் அந்த விளையாட்டை நடத்தும் நிறுவனம் இரண்டு கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இத்தகைய பெட்டிகளை விற்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018லேயே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது. முன்னே சொன்ன டயாப்ளோ, 2022 ஜூனில் டயாப்ளோ இம்மார்ட்டல் என்று கைப்பேசிக்கு இலவசமாக வந்தபோது, பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இத்தகைய பெட்டிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகளால் அந்த இரண்டு நாடுகளிலும் வெளியிடப்படவில்லை. ஒரே பெயர், ஒரே வகை வாளும் கவசமும். குறுவட்டாக இருந்தபோது பொழுதுபோக்காக இருந்தது, இலவசமானபோது சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படித்தபின், அப்படியானால் மொத்தமாகத் தடுத்துவிடுவதுதானே சரி என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொருளையும் விலையையும் காட்டி விற்கும் மறு வழியில் போன நிறுவனங்களும் இருக்கின்றன, அவை பிழைத்தும் நிற்கின்றன. கனடாவிலிருந்து 2013இல் வந்த வார்ஃபிரேம் என்ற விளையாட்டும் இலவசம். அதில் கடையில் விற்கப்படும் ஆயுதங்களையும் கவசங்களையும் பெரும்பாலும் ஆடியே சேர்த்துவிடலாம். காசு கொடுத்து வாங்கும் நாணயத்தைக்கூட, தான் ஆடிச் சேர்த்த பொருளை வேறோர் ஆட்டக்காரருக்குக் கொடுத்து அவரிடமிருந்து பெறலாம். எந்தப் பொருள் எங்கே எத்தனை விழுக்காடு கிடைக்கும் என்ற பட்டியலை நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. ஒருகாலத்தில் அந்த விளையாட்டில், உடன் வரும் பிராணியின் ரோம நிறத்தைச் சிறு காசுக்கு அதிர்ஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. ஒருவர் ஏறக்குறைய இருநூறு முறை மாற்றியிருப்பதைப் பார்த்ததும், இது சூதாட்ட எந்திரமாகிவிட்டது என்று சொல்லி அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். வருமானம் வரும் என்று தெரிந்தே ஒரு விற்பனையை நிறுத்தியவர்களின் விளையாட்டை, இரவோடு இரவாக 89 ரூபாய்களை வரிசையாக எடுத்த விளையாட்டோடு சேர்த்து ஒரே தீர்மானத்தில் எழுதுவது நியாயமாகாது.

நியூசிலாந்தில் உருவாகி, அதே 2013இல் வெளிவந்த பாத் ஆஃப் எக்ஸைல் இன்னொன்று. அதில் காசுக்கு விற்பது பெரும்பாலும் அலங்காரமும், பொருள் அடுக்கிவைக்கக் கூடுதல் அறைகளும்தான், வலிமையை விற்பதில்லை. அலங்காரப் பொருள்களுக்கு அதிர்ஷ்டப் பெட்டியும் அங்கே உண்டு என்பதையும், நீண்ட நாள் ஆடுபவருக்கு அந்தக் கூடுதல் அறைகள் இல்லாமல் சிரமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதனால் அதை முழுக்கத் தூய்மையானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்களில் எதை எடுப்பது, எதை விடுவது, பத்து விழுக்காடு கூடுதல் வேகம் நல்லதா, இருபது விழுக்காடு கூடுதல் அடி நல்லதா என்று தாளில் கணக்குப் போட வைக்கும் விளையாட்டு அது. கடைக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், ஒன்றோடொன்று கூட்டும் விழுக்காடும் ஒன்றையொன்று பெருக்கும் விழுக்காடும் எங்கே வேறுபடுகின்றன என்பதை எனக்கு விளக்கியது அந்த விளையாட்டில் வரும் வில் என்ற ஆயுதம் ஒன்றை வைத்துத்தான்.

கடை அடைத்த பிறகு நானும் ஆடுகிறவன். என்னோடு பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் ஓசூரில் ஷிப்ட் வேலையில் இருக்கிறார், மற்றவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் தவிர மூவரும் ஒன்றாக உட்காருவது வார்ஃபிரேமில்தான். நான்கு பேர் வரை ஓர் அணியாக ஆடலாம். ஒரு ரூபாய் கேட்காமல் இவ்வளவு கிடைக்கிற ஒன்றை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வயதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு விளையாட்டுகளும் அமெரிக்க மதிப்பீட்டில் 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரியவை, ரத்தமும் வெட்டும் நிறைய உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன். கென்ஷினோ 13 வயது முதல் ஆடலாம் என்று மதிப்பிடப்பட்டது. வயது மதிப்பீடு என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வன்முறையைப் பார்த்து வைப்பது, பெட்டியைப் பார்த்து வைப்பதன்று. அழகாக இருக்கிறது, ரத்தம் இல்லை என்று பெற்றோர் நிம்மதி அடைவது பல வேளைகளில் தவறான இடத்தில் அமைகிறது.

காசு போகாவிட்டாலும் நேரம் போகிறதே என்ற கேள்வி மிகச் சரியானது. இன்று வந்தால் பரிசு, நாளை வராவிட்டால் இழப்பு, இன்ன தேதியோடு இந்தப் பொருள் என்றைக்கும் கிடைக்காது என்று அழைத்துக்கொண்டே இருக்கும் விளையாட்டை எந்த வயதிலும் விட்டுவிடுவது நல்லது. ஒரு மாதம் கழித்துத் திரும்பினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர விடும் விளையாட்டு வேறு வகையானது. தேர்வு மாதத்தில் பிள்ளை எதை நிறுத்த முடியாமல் தவிக்கிறான் என்று பார்த்தாலே எது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

இணைய விளையாட்டுகளை அரசு தடை செய்துவிட்டதே என்றும் சிலர் சொல்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் குறிவைத்தது, பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை. நான் சொல்லும் பெட்டிகளில் போட்ட காசு காசாகத் திரும்புவதே இல்லை. ஆகவே அந்தச் சட்டம் வந்த நிம்மதியில் இதை விட்டுவிட முடியாது. 2020இல் பப்ஜியையும் 2022இல் ஃப்ரீ ஃபயரையும் தடுத்தது தகவல் பாதுகாப்புக் காரணத்துக்காக. பிள்ளைகள் உடனே ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்கு மாறியதை என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடமே பார்த்தேன். 2021இல் பப்ஜி வேறு பெயரில் திரும்பி வந்தபோது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அறிவிக்கப்பட்ட செலவு உச்சவரம்பு நாளொன்றுக்கு 7,000 ரூபாய். கூடை தூக்கும் வீட்டுக்கு அப்படி ஒரு வரம்பு இருந்தும் பயனில்லை.

ஆகவே தீர்மானத்தை மாற்றி எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உறுதிமொழிக்குப் பதிலாக, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தம் கைப்பேசியிலேயே பிளே ஸ்டோர் அமைப்புகளுக்குள் போய், எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். அந்தக் கடவுச்சொல் பெற்றோருடையதாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்கள் கைரேகையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கைப்பேசியில் பிள்ளையின் விரல் பதிவாகியிருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். யுபிஐயில் தானாகப் பிடித்தம் செய்ய ஒப்புதல் கொடுத்தவை ஏதும் இருக்கின்றனவா என்று பார்த்து, தேவையில்லாததை நீக்க வேண்டும். பிள்ளை தெரியாமல் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியவில்லை; நாள் கடந்த பின் வருகிறவர்களே என் கடைக்கு அதிகம். விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்டை இலவசமாகத் தருகிறோம் என்று வரும் இணைப்பில் பணம் போயிருந்தால் அது திருட்டு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: அவர்கள் ஆடும் விளையாட்டின் கடைப் பக்கத்தைத் திறந்து, எதை விற்கிறார்கள், எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதிவரச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்து எது இருக்கலாம், எது போகலாம் என்று அவர்களோடு சேர்ந்தே முடிவெடுங்கள்.

கூட்டத்தின் நாளை ஒரு வாரத்துக்கு முன் தெரிவித்தால், மாரண்டஅள்ளி ஆனாலும் காரிமங்கலம் ஆனாலும் நானே வந்து கைப்பேசி அமைப்புகளைச் செய்துகொடுக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். பெற்றோர் கைப்பேசியோடு, அதில் பதிந்திருக்கும் ஜிமெயில் கணக்கின் கடவுச்சொல்லையும் எழுதிக் கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அது கையில் இல்லாமல் வந்தால் ஒருவருக்கே ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது.

இப்படிக்கு,
கைப்பேசி பழுதுபார்ப்பவன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.