ஆண்டி செர்கிஸ் சாருக்கு, அந்த 11 ஆஸ்கர் பத்தி ஒரு கடிதம்

வணக்கம் சார்.

நேத்து ராத்திரி தூக்கம் வராம 2004 ஆஸ்கர் விழா க்ளிப்ஸ் ஒண்ணொண்ணா பாத்துட்டு இருந்தேன். பிப்ரவரி 29, ஹாலிவுட் கோடாக் தியேட்டர். நீங்க கோல்லம்ங்கற கம்ப்யூட்டர்ல செஞ்ச உருவத்துக்குள்ள நடிச்ச 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' படத்துக்கு 11 நாமினேஷன், 11 விருது. எடிட்டிங், மேக்கப், காஸ்ட்யூம், இசை, பாட்டு, சவுண்டுன்னு வரிசையா அள்ளுறாங்க, மேடை ஏறுறவங்க எல்லாம் நியூசிலாந்துக்கு நன்றி சொல்றாங்க, ஒரு கட்டத்துல விழாவ தொகுத்த பில்லி கிறிஸ்டலே இனிமே நன்றி சொல்ல நியூசிலாந்துல ஆளே பாக்கி இல்லன்னு கலாய்ச்சுட்டாரு. ஸ்பீல்பெர்க் கவரை பிரிச்சு "க்ளீன் ஸ்வீப்"னு சொன்னப்போ, ரிசல்ட் தெரிஞ்சும் எனக்கு புல்லரிச்சுது.

பென்-ஹர், டைட்டானிக் ரெண்டும் 11 வாங்குன படங்கதான், ஆனா பென்-ஹர் 12ல 11, டைட்டானிக் 14ல 11. ஒண்ணு விடாம வாங்குன கணக்குல உங்க படத்துக்கு முன்னாடி பெருசு ஜிஜி, லாஸ்ட் எம்பரர்ங்கற ரெண்டு படமும், 9க்கு 9.

ஆனா எனக்கு உறுத்துறது என்னன்னா, அந்த 11ல நடிப்புக்குன்னு ஒரு நாமினேஷன் கூட கிடையாது. பென்-ஹர்ல ஹெஸ்டனும் ஹியூ கிரிஃபித்தும் விருதே வாங்குனாங்க, டைட்டானிக்ல கேட் வின்ஸ்லெட்டும் குளோரியா ஸ்டூவர்ட்டும் நாமினேஷன் வரைக்குமாவது வந்தாங்க. (அந்த வருஷம் ஹாலிவுட் நடிகர் சங்கம் மட்டும் உங்க படத்து நடிகர் கூட்டத்துக்கு மொத்தமா ஒரு விருது குடுத்துச்சு, அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு.)

விஷுவல் எஃபெக்ட்ஸ் டீம் வாங்குனது தப்புன்னு சொல்லவே மாட்டேன், கோல்லமோட அந்த தோலையும் கண்ணையும் இழைச்சு இழைச்சு செஞ்சவங்க அவங்க. ஆனா பூனை தொண்டைல முடி சிக்கி இருமுறத பாத்து அந்த குரலை புடிச்சது நீங்கதானே? அசைவ கம்ப்யூட்டர்ல பதியறதுக்காக உடம்போட ஒட்டுன சூட்ட மாட்டிக்கிட்டு பாறை மேல தவழ்ந்து ஹீரோ எலைஜா வுட் கூட மல்லுக்கட்டுனது நீங்கதானே? படம் ஆரம்பிக்கறப்போ உங்க சொந்த முகத்தோட மீன் புடிக்க வருவீங்க, மோதிரத்துக்காக கூடப்பொறந்தவன் மாதிரி இருந்தவன் கழுத்தையே நெரிச்சுட்டு கொஞ்சம் கொஞ்சமா கோல்லமா மாறுவீங்க. முகம் போயிருச்சு, பார்வை அப்படியே இருக்கு. அது யாரோடதுன்னு ஓட்டு போட்டவங்க யோசிக்கவே இல்லையா?

க்ளிப்ப விட்டுட்டு படத்தையே முதல்லருந்து போட்டேன், முடியறப்போ விடிஞ்சிருச்சு. பதில் எல்லாம் வேணாம் சார், இத படிச்சீங்கன்னா அந்த குரல்ல ஒரு தடவ இருமுங்க, போதும்.