மோதிரத்தைக் கழற்றி வைத்தாயா?

அன்புள்ள கண்ணா,

தங்கம் தேடி நீ போட்ட முதல் துளையின் ரிசல்ட்டைப் பார்த்தேன். ஒன்றரை மீட்டருக்கு, டன்னுக்கு 38 கிராம் தங்கம். சந்தோஷம்தான், மறைப்பானேன். உன் அப்பாதான், "ஒரு டன் கல்லை உடைத்தால் ஐந்து பவுன்கூடத் தேறாதா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஆனால் அந்த 38 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தாயா? நடுவில் உள்ள அரை மீட்டர் துண்டு 110 கிராம். இரு பக்கத் துண்டுகளும் தலா வெறும் 2 கிராம். ஆக, நடுத்துண்டின் தயவில்தான் மற்ற இரண்டும் பணக்காரக் கல்லாகத் தெரிகின்றன. அதோடு, துளையிலிருந்து உருவி எடுத்த கல் உருளையான கோரின் அச்சுக்கும், பாறை வெடிப்பில் தாது படிந்த நரம்புக்கும் இடையே 30 டிகிரி என்று நீயே குறித்திருக்கிறாய். சாய்வாக வெட்டினால் நீளம் கூடத்தான் செய்யும். அந்த அரை மீட்டரின் உண்மையான அகலம் கால் மீட்டர்தான்.

கால் மீட்டர் என்றால் கேவலம் என்று சொல்லவில்லை. ஜப்பானில் ஹிஷிகாரியில் 1981-ல் முதலில் துளையில் சிக்கியது 15 சென்டிமீட்டர்தான். டன்னுக்கு 290 கிராம் இருந்தது. அந்த எண்ணோடு அவர்கள் நிற்கவில்லை. சுற்றிலும் துளை மேல் துளையாகப் போட்டுப் பார்த்தார்கள். 1985-ல் உற்பத்தி தொடங்கியது.

எண்ணைவிட, நீ அனுப்பிய படம்தான் எனக்குப் பிடித்திருந்தது. குவார்ட்ஸுக்குள் பிளேடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியதுபோல இருக்கிறதே, அது ஒரு காலத்தில் கால்சைட், சுண்ணாம்புக் கனிமம். மேலேறி வந்த வெந்நீர், அழுத்தம் குறைந்ததும் கொதித்திருக்கிறது. கரியமில வாயு பிரிந்ததும் கால்சைட் தகடு தகடாகப் படிந்தது. பிற்பாடு குவார்ட்ஸ் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதே கொதிப்பில் ஹைட்ரஜன் சல்பைடும் ஆவியோடு போய்விடும். தங்கத்தை நீரில் கரைத்து வைத்திருந்ததே அந்தக் கந்தகம்தான். அது போனதும் தங்கம் அங்கேயே இறங்கிவிடும். ஓரத்தில் மெல்லிய கறுப்புப் பட்டை தெரிகிறதே, அதை லென்ஸ் வைத்துப் பார். வெள்ளி சல்பைடும், தங்கமும் வெள்ளியும் கலந்த எலெக்ட்ரமும் பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது துளையை "ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு அதில்தான் கோபம். அது முதல் துளைக்கு 100 மீட்டர் மேலே அதே நரம்பை வெட்டியிருக்கிறது. அங்கே கால்செடோனி, அதாவது மிக நுண்ணிய குவார்ட்ஸ், இருக்கிறது. ஆன்டிமனியும் பாதரசமும் ஏறியிருக்கின்றன. அதாவது, கொதித்த மட்டத்துக்கு மேலே நிற்கிறாய். ஈயமும் துத்தநாகமும் ஏறித் தங்கம் குறைந்திருந்தால் கீழே போய்விட்டோம் என்று நினைக்கலாம். இங்கே அப்படி இல்லையே. மூன்றாவது துளையை எங்கே போடுவது என்பதற்கு முதல் துளையைவிட இது நல்ல சாட்சி.

அப்புறம், களிமண். வேலைக்குச் சேர்ந்த புதிதில், படம் பளிச்சென்று வரட்டும் என்று கோர் பெட்டிகளைக் குழாய் பீய்ச்சிக் கழுவினேன். நரம்பின் ஓரத்தில் இருந்த சாம்பல் நிறக் களிமண் கரைந்து ஓடிவிட்டது. அந்த இடத்தில் மரக்கட்டையை வைத்து "கோர் இல்லை" என்று எழுதினேன், ஏதோ டிரில்லர் தொலைத்தது மாதிரி. பக்கத்துத் துளையில் அதே களிமண்ணைத் தனி சாம்பிளாக அனுப்பியபோதுதான் வெள்ளியில் பாதி அதில் இருந்தது தெரிந்தது. இன்றுவரை அந்தக் கட்டையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. நீ துணியால் ஒற்றி எடு, போதும்.

கடைசியாக ஒன்று. கோரைப் பிடித்திருக்கும் உன் கையில் மோதிரம் தெரிகிறது. குவார்ட்ஸ் உரைகல் மாதிரி. தங்கம் உரசினால் இழுத்துக்கொள்ளும். லேப்பில் உருக்குவதோ 50 கிராம் தூள். அதில் ஒரு பொடித் துணுக்கு கலந்தாலும் எண் பொய் சொல்லும். அந்த அரை மீட்டரில் மீதமிருக்கும் பாதிக் கோரை மறுபடி நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியை வேறு லேப்புக்கு அனுப்பு. அதற்கு அடுத்த சாம்பிள் எண்ணில், லேப்பைச் சோதிக்க, தங்கமே இல்லாத கல் ஒன்றையும் வை. சல்லடை போட்டு, பருமனான துகளைத் தனியாகச் சோதிக்கச் சொல். இந்த மறு சோதனையிலும் 110 வந்தால் நானே உன் அப்பாவைப் பேப்பரைக் கீழே வைக்கச் சொல்கிறேன்.

அடுத்த படத்தில் விரல் வெறுமையாக இருக்கட்டும்.

அம்மா