பிரதேச சபைக்குப் போன தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறி சபை வாசலுக்கே வந்திருப்பார்.

தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் மலையில், பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்று சபையில் எழும்பினாயாம். யாரோ சிரித்தாராம். "அது கம்பனிக் காணி தங்கச்சி, அடுத்த கூட்டத்துல பார்ப்போம்" என்று உட்கார வைத்துவிட்டார்களாம். வெளியே வரும்போது ஒருவர், "பட்டியல்ல வந்தவங்கதானே" என்றாராம். உன்னைக் குத்தியது அந்தக் கடைசிச் சொல்தான்.

வட்டாரத்தில் நின்று வெல்லாமல் கட்சிப் பட்டியலில் வந்தால் என்ன குறை? 2018 தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் வரைக்கும் இலங்கை உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். அவ்வளவு காலமும் மற்ற எல்லாக் கதிரையிலும் இருந்தவர்கள் எந்தத் தகுதியில் வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நம் அம்மாயி 1947இல் வாக்குப் போட்டவர். மறு வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறித்தது. அதற்கடுத்த வருஷம் வாக்கும் போனது. திரும்பவும் அவர் விரலில் மை பட்டது 1989இல். நடுவில் 42 வருஷம். அந்தக் காலம் முழுக்க அம்மாயி தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டினார், ஸ்ட்ரைக்கில் ரோட்டில் உட்கார்ந்தார், கூட்டத்துக்கு லொறியில் போனார். பேச்சுவார்த்தைக்கு கொழும்புக்குப் போனது மட்டும் தலைவர்மார்.

அம்மா காலத்திலும் அதே கதைதான். அவர் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தபோது ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. சமமானது 1984இல், அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. அந்த ஸ்ட்ரைக்கை அம்மா எப்போதும் சாப்பாட்டை வைத்துத்தான் சொல்வார்: லயத்து வரிசை வீட்டில் அரிசி தீர்ந்த நாள், ரொட்டியை நாலாகப் பிய்த்த நாள். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டால் தெரியாது என்பார்.

இதற்கெல்லாம் முன்னால், தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதி, அச்சடித்து, தோட்டத்துக் கூட்டங்களில் பாடினார். நம் ஆட்கள் அவரை 'நடேசய்யர் சம்சாரம்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டது எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'கம்பனிக் காணி' என்பது பழைய பாட்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசு வராது என்று முப்பது வருஷம் நம்மைத் திருப்பி அனுப்பினார்கள். சபைக்கு வாக்கு மட்டும் நம் லயத்திலிருந்து போனது! 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தோட்டத்து மக்களுக்கும் சபை வசதி செய்து கொடுக்கலாம். சிரித்தவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம், தெரிந்தே சிரித்தும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வாயால் கேட்காதே, எழுதிக் கொடு. பிரேரணையாகக் கொடு. கூட்டக் குறிப்பில் ஏறாத பேச்சு பேசாத பேச்சு. அதையும் தமிழிலேயே எழுது. நிகழ்ச்சி நிரலையும் தமிழில் கேள். தமிழும் அரசகரும மொழி, இதில் யாருடைய தயவும் இல்லை.

வழிமொழிய ஆள் வேண்டும். நம் ஆண்களைத் தேடி அலையாதே. உன் பக்கத்தில் உட்காரும் சிங்கள அக்கா சிரித்தாரா? இல்லை என்றுதானே சொன்னாய். கட்சி வேறாக இருக்கட்டும், அவரிடம் போ.

கேட்க வெட்கமாக இருந்தது என்றாய். அம்மா சொல்வது ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தி குந்தினால் மற்ற ரெண்டு பேர் இடுப்பில் கட்டியிருக்கும் படங்குத் துணியை அவிழ்த்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். கங்காணி வருகிறாரா என்று ஒரு கண், கால்மாட்டில் அட்டை ஏறுகிறதா என்று ஒரு கண். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று பகல் பூராக் குடிக்காமலே கொழுந்து பறித்தவர்கள் எத்தனை பேர். அவர்கள் வெட்கப்பட்டது போதும். இதைச் சபையில் சொல்ல நீ ஏன் வெட்கப்பட வேண்டும்?

2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனபோது அம்மா டிவியைத் தொட்டுப் பார்த்தார். அவர்கள் கட்சி பற்றி எனக்கு ஆயிரம் கேள்வி உண்டு, அதை இன்னொரு நாள் பேசுவோம். அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. "நம்ம சாயல்" என்றார், அவ்வளவுதான்.

பிரேரணையை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துத் தருகிறேன். படங்கு விஷயத்தை அதில் கட்டாயம் எழுது. அம்மா கேட்டதற்குக் கூட்டம் நல்லபடி நடந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் வரைக்கும்தான் அந்தப் பொய் தாங்கும்.

அன்புடன்
அக்கா