டொர்னாடோவின் தரம்: அளந்ததா, கணித்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க டொர்னாடோ (தரையைத் தொடும் கடும் சுழற்காற்று) செய்திகளில் வரும் ‘இஎஃப்’ தரம் (மேம்படுத்திய ஃபுஜிட்டா அளவுகோல், 0 முதல் 5 வரை) கருவியில் அளந்த காற்று வேகமல்ல. இடிபாடுகளைப் பார்த்துப் போடும் கணிப்பு. 2007 முதல் வீடு, கம்பம், மரம் என 28 வகைகளுக்குத் தனித்தனிச் சேதப் படிகள் அங்கே உண்டு. நன்கு கட்டிய வீடு தளம்வரை துடைத்தெடுக்கப்பட்டிருந்தால் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 320 கி.மீ. என்று கணிப்பார்கள். ஆனால் ஆய்வாளர் குனிந்து பார்ப்பது, மரச்சுவரின் அடிச்சட்டத்தைக் கான்கிரீட்டோடு பிணைக்கும் போல்ட்டுகளைத்தான். நட்டும் வாஷரும் இல்லாமல் வெறும் ஆணி அடித்திருந்தால் வேகம் குறைத்தே மதிப்பிடப்படும். அத்தகைய வீடு 265 கி.மீ.க்கே பெயர்ந்துவிடலாம்.

வெட்டவெளி என்றால் இன்னும் சிக்கல். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோவில் நடமாடும் ரேடார் 480 கி.மீ.யை ஒட்டிய காற்றைப் பதிந்தது. அதை வைத்து இஎஃப்-5 என்றார்கள். பிறகு, வயல்வெளியில் அதற்கேற்ற சேதம் இல்லாததால் இஎஃப்-3 ஆக இறக்கினார்கள். ரேடார் பதிவு இருந்தால் தரத்தோடு அதையும் வெளியிடுங்கள்.

– வானிலைத் துறை வாசகர்கள்